கோஷியனில் ஹன்ஷின் டைகர்ஸ் ஆட்டம்: எந்த சீட், எந்த மாதம், கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும்

ஜப்பானில் ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது கோஷியன் மைதானத்தில் ஹன்ஷின் டைகர்ஸ் ஆடும் ஆட்டமாக இருக்கட்டும். மே நடுவில், வாரநாள் மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், முதல் பேஸ் பக்கம் (பேட்டர் பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம்) கூரைக்கு அடியில் ஒரு சீட். இந்த மூன்றும் கூடி வந்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஜூனில் போனால் மழைக்கோட்டு கட்டாயம். ஆகஸ்டில் போகவே வேண்டாம், அணி பெரும்பாலும் அங்கே இருக்காது. டோக்கியோ டோம் போல மூடிய கூரை, குளிர்காற்று எல்லாம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. வேர்வை வரும், முழங்கால் முன் சீட்டில் இடிக்கும், பக்கத்திலிருப்பவர் மூன்று மணி நேரம் காதருகே கத்துவார். அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் காசு.

முதலில் வழி. மைதானம் ஒசாகாவில் இல்லை. பக்கத்து ஹியோகோ மாகாணத்தின் நிஷினோமியா நகரில், ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ரயில் நிலையம்தான். ஜே.ஆர். பாதையில் 'கோஷியன்குச்சி' என்று ஒரு நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் தெற்கே 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இறங்க வேண்டியது ஹன்ஷின் ரயில் பாதையின் 'கோஷியன்' நிலையம். ஒசாகாவின் உமேதாவில் விரைவு வண்டி ஏறினால் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும், கோபேவின் சன்னோமியாவிலிருந்தும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகாது. எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டியில் ஏறிவிட்டால் நேரம் இரட்டிப்பாகும். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தலைக்கு மேல் விரைவுச்சாலைப் பாலம், அதைத் தாண்டினால் கொடி படர்ந்த சுவர். வழி கேட்கவே வேண்டாம், கறுப்பு மஞ்சள் சட்டைகள் போகும் பக்கம் போனால் போதும்.

ரயில் நிலையத்தின் பெயர் அணியின் பெயரிலும் இருப்பது தற்செயல் இல்லை. ஒசாகா, கோபே இரண்டின் எழுத்துகளிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக் கோத்த பெயர் 'ஹன்ஷின்'. அது அந்த ரயில் கம்பெனியின் பெயர். நதியைத் திருப்பிவிட்ட பிறகு கிடந்த ஆற்றுப் படுகையை வளைத்து, 1924 மார்ச்சில் வேலை தொடங்கி, ஆகஸ்ட் 1-இல் மைதானத்தைத் திறந்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு சுற்று இருப்பதுபோல் கிழக்காசியாவிலும் ஒரு 60 ஆண்டு சுற்று உண்டு. அதன் முதல் ஆண்டு 1924-இல் வந்தது, அந்த ஆண்டின் பெயரே மைதானத்துக்கு. நூறாண்டு நிறைவை 2024-இல் கொண்டாடினார்கள்.

கட்டியது தொழில்முறை அணிக்காக அல்ல, பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டிக்காக. 1935 டிசம்பரில்தான் 'ஒசாகா டைகர்ஸ்' என்ற அணியைத் தொடங்கினார்கள். 'ஹன்ஷின் டைகர்ஸ்' என்று பெயர் நிலைத்தது 1961-இல். அதனால் இன்றுவரை இந்த அணி சொந்த வீட்டிலேயே குடித்தனக்காரர் மாதிரிதான். மார்ச் கடைசியில் வசந்தகாலப் பள்ளிப் போட்டி, ஆகஸ்டில் கோடைகாலப் பள்ளிப் போட்டி. இரண்டு முறையும் டைகர்ஸ் வெளியேற வேண்டும். ஆகஸ்டில் ஊர் ஊராகச் சுற்றும் அந்தப் பயணத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'சாவுப் பயணம்'. இப்போது அந்த நாட்களில் சில ஆட்டங்களை ஒசாகாவின் கியோசெரா டோமில் 'சொந்த ஆட்டமாக' ஆடுகிறார்கள், அந்த அளவுக்குக் கொடுமை குறைந்திருக்கிறது. டிக்கெட் வாங்குபவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: அட்டவணையில் 'ஹோம்' என்று போட்டிருந்தால் அது கோஷியன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மைதானத்தின் பெயரைத் தனியாகப் பாருங்கள். கியோசெரா டோம் ஒரிக்ஸ் பஃபலோஸ் அணியின் வீடு. கூரை உண்டு, குளிர்ச்சி உண்டு, கோஷியனுக்கென்று இருக்கும் எதுவும் அங்கே இல்லை.

அந்த 'எதுவும்' என்ன? காற்றும் மண்ணும்.

கோஷியனில் பேட்டர் நிற்கும் இடம் வடக்கே, நடு எல்லையும் ஸ்கோர்போர்டும் தெற்கே. தெற்கே கடல். அங்கிருந்து வரும் காற்று வலது எல்லையிலிருந்து இடது எல்லைப் பக்கமாக அடிக்கும். 'ஹமகாஸே', கடற்கரைக் காற்று, என்பார்கள். இடதுகை பேட்டர் இயல்பாக அடிக்கும் பக்கம் வலது. அங்கே தூக்கி அடித்த பந்தை இந்தக் காற்று பிடித்து நிறுத்தி, எல்லைக்கு நாலடி முன்னால் பிடிப்பவர் கையில் போட்டுவிடும். நடு எல்லை 118 மீட்டர், மூலைக் கம்பங்கள் 95 மீட்டர், இடையில் வளைவு ஆழம். 1947-இல் உள்ளே ஒரு வேலி போட்டு ஹோம்ரனை (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பதை) எளிதாக்கியிருந்தார்கள், 1991-ஓடு அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே இங்கே ஹோம்ரன் மழை பார்க்க வருபவர் ஏமாந்துதான் போவார். 2-1, 3-2 என்று முடியும் ஆட்டம்தான் இந்த இடத்தின் குணம். பந்துவீச்சைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது விருந்து.

காற்றை மீறியவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ராண்டி பாஸ் இடதுகை பேட்டர். வலப்பக்கம் இழுத்து அடிப்பதை விட்டுவிட்டு, வெளியே வரும் பந்தை எதிர்ப்பக்கம், இடது எல்லைக்குத் தள்ளி அடிக்கப் பழகினார். காற்றே பந்தைச் சுமந்துபோனது. 1985-இல் 54 ஹோம்ரன், அடித்து வரவைத்த ரன் 134, பேட்டிங் சராசரி .350, மூன்றிலும் லீக் முதலிடம். அடுத்த ஆண்டு அவர் எடுத்த .389 இன்றும் ஜப்பான் சாதனை. அந்தக் காற்று என்ன செய்யும் என்று பார்க்க ஸ்கோர்போர்டு மேலுள்ள கொடிகளைக் கவனியுங்கள். கொடி இடப்பக்கம் விறைத்து நின்றால் அன்று இடதுகைக்காரர்களுக்குக் கஷ்ட காலம்.

அடுத்தது மண். ஜப்பான் தொழில்முறை அணிகளின் சொந்த மைதானங்களில் இன்ஃபீல்ட் (பேஸ்கள் இருக்கும் உட்பகுதி) முழுக்க மண்ணாக இருப்பது இங்கே மட்டும்தான். கரிய எரிமலை மண்ணையும் மணலையும் கலந்த கலவை. வசந்தத்தில் மழை அதிகம் என்பதால் மணல் கூடுதல். கோடையில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் கரிமண் கூடுதல். குளிர்காலத்தில் மண்ணை ஆழமாகக் கிளறிப் புரட்டிப் போட்டு, மறுபடி மழையில் இறுகவிட்டு உருட்டுவார்கள். இதையெல்லாம் செய்வது 'ஹன்ஷின் எங்கெய்' என்ற பராமரிப்புக் குழு. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது முடிந்ததும் கழிவறைக்கு ஓடாமல் உட்கார்ந்து பாருங்கள். சிறு வண்டிகள் இழுவைப் பாயோடு வட்டமடித்து வரும், ஓர் ஆள் ரப்பர் குழாயை ஓங்கிப் பிடித்துத் தண்ணீரை விசிறியடிப்பார், கரிமண் ஒரே சீராக நிறம் மாறும். பேஸ் கோடுகளைச் சுண்ணாம்பில் மறுபடி இழுப்பார்கள். சில நிமிட வேலை, அதற்குத் தனி ரசிகர்களே உண்டு. பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில் ஆட வைத்துவிடுவார்கள் என்று பெயர் வாங்கியவர்கள். 2017 அக்டோபரில் யோகோஹாமாவுடன் ஆடிய பிளே-ஆஃப் ஆட்டம் மட்டும் அவர்களையும் தோற்கடித்தது, சேற்றில் உழுதபடி ஆடி முடித்தார்கள்.

மண் தரையில் பந்து துள்ளுவது செயற்கைப் புல்லில் போல் சீராக இருக்காது. ஷூவின் ஆணி பட்ட இடத்தில் பட்டு எகிறும். டைகர்ஸ் பல ஆண்டுகளாக லீகிலேயே அதிக எரர் (ஃபீல்டிங் தவறு) செய்யும் அணியாக இருந்ததில் மண்ணுக்கும் பங்கு உண்டு. கோப்பை வென்ற 2023-இலும் எரர் கணக்கில் அவர்களே முதலிடம். மண்ணின் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை, எறிவதில் செய்த தப்பும் கணிசம். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருளும் ஒவ்வொரு பந்துக்கும் 40,000 பேர் மூச்சைப் பிடிக்கும் அந்த அரை நொடி மற்ற மைதானங்களில் கிடைக்காது.

இனி சீட். மொத்தம் 47,000-க்குச் சற்று மேல் கொள்ளும். பேட்டர் பின்னால், வலைக்கு நேரே இருக்கும் பச்சை சீட்கள் விலை அதிகம். பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவில் போய்விடும், கிடைக்காததற்கு வருந்த வேண்டாம். அதை அடுத்து இருபுறமும் 'ஐவி' சீட்கள். பரிந்துரை இவைதான், அதிலும் முதல் பேஸ் பக்கம். காரணம் இரண்டு. டைகர்ஸ் வீரர்கள் உட்காரும் இடம் அந்தப் பக்கம். வெயிலும் ஒரு காரணம். முதல் பேஸ் பக்கம் மேற்கே இருப்பதால் பிற்பகலில் வெயில் முதுகுப் பக்கம் போய் நிழல் சீக்கிரம் விழும். மூன்றாம் பேஸ் கேலரி மேற்குப் பார்த்தது, 2 மணி ஆட்டத்தில் சூரியன் இறங்கும்வரை நெற்றியில் அடிக்கும். தொப்பி இருந்தாலும் பந்து தெரியாது. ஐவி சீட்களில் மேல் வரிசையாகப் பார்த்து எடுங்கள், 'வெள்ளிக் குடை' என்று அழைக்கப்படும் பெரிய கூரை அங்கே தலைக்கு மேல் வரும். முதலில் இருந்தது இரும்புக் கூரை, 1943-இல் போருக்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் 1951-இல் போட்ட பளபளக்கும் உலோகக் கூரையிலிருந்துதான் இந்தப் பெயர். இப்போதுள்ள கூரையின் மேல் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன.

ஐவியைத் தாண்டினால் 'ஆல்ப்ஸ்' கேலரி. 1929-இல் பள்ளிப் போட்டிக்கு வந்த வெள்ளைச் சட்டைக் கூட்டம் பனிமலை போலத் தெரிந்ததால் வந்த பெயர். ஏறிப் பார்த்தால் பெயரின் பொருத்தம் தொடை வலியில் புரியும். படி செங்குத்து, கூரை கிடையாது, முழங்காலுக்கு இடம் குறைவு. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கீழ் வரிசை கேட்டு வாங்க வேண்டும். கூரையை இங்கேயும் நீட்டுகிறார்கள், 2028-க்குள் முடிப்பதாகத் திட்டம். பார்க்கும் கோணத்துக்கும் விலைக்கும் நடுவே நியாயமான சமரசம் என்று சொல்லலாம், மே மாதத்தில் மட்டும்.

வலது அவுட்ஃபீல்ட் கேலரி, அதாவது வலது எல்லைக்குப் பின்னால் உள்ளது, வேறு உலகம். விலை குறைவு, பந்து வெகுதூரத்தில் ஒரு புள்ளி. அங்கே போவது பார்க்க அல்ல, பாட. டிரம்பெட், முரசு, பெருங்கொடிகள் எல்லாம் அங்கேதான். டைகர்ஸ் பேட் செய்யும் அரை இன்னிங்ஸ் முழுக்க நின்றபடிதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, இரு பிளாஸ்டிக் மட்டைகளைத் தட்டித் தாளம். எதிரணி பேட் செய்யும்போது எல்லோரும் உட்கார்ந்து தின்பார்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் அங்குள்ள சுகம். பாட்டு தெரியாவிட்டாலும் இரண்டாம் சுற்றில் தாளம் பிடித்துவிடும். உட்கார்ந்து பார்க்கத்தான் பிடிக்கும் என்பவர் அந்த சீட்டை வாங்கிப் பின்னாலிருப்பவரைத் திட்ட வைக்கக் கூடாது. எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போகவும் கூடாது, காவலர்கள் வந்து கழற்றச் சொல்வார்கள். எதிரணி ரசிகர்களுக்கென்று இடது அவுட்ஃபீல்டில் ஒரு துண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதைச் சுற்றியும் டைகர்ஸ் கூட்டம்தான், கடல் நடுவில் தீவு மாதிரி. பரம எதிரியான யோமியுரி ஜயன்ட்ஸ் அணியின் ஆரஞ்சு நிறத்தில் எந்தத் துணியும் வேண்டாம், அது வெறும் டீ-ஷர்ட்டாக இருந்தாலும்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் டைகர்ஸ் முன்னிலையில் இருந்தால், இரண்டு பேர் அவுட் ஆனதும் 'இன்னும் ஒரே ஆள்' என்று முழக்கம் எழும். அவுட்டாக மூன்று ஸ்ட்ரைக் வேண்டும், அதில் இரண்டு விழுந்ததும் அது 'இன்னும் ஒரே பந்து' என்று மாறும். கான்கிரீட் படிகள் அதிர்வது உள்ளங்காலில் தெரியும். ஜெயித்தால் 1936-இல் உருவான அணிப் பாட்டை மைதானமே பாடும், அதன்பின் ஆட்ட நாயகன் பேட்டி. அதைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் ரயில் நிலையத்தில் நெரிசல். ஆனாலும் பயப்படும்படி இல்லை. ஆட்டம் எப்போது முடியும் என்று பார்த்துச் சிறப்பு ரயில்களைத் தயாராக நிறுத்தி வைத்திருப்பார்கள். திரும்பும் கட்டணத்துக்கு ரயில் கார்டில் வரும்போதே பணம் ஏற்றிவிட வேண்டும், தாமதமெல்லாம் பணம் ஏற்றும் இயந்திரத்தின் முன்னால்தான்.

சாப்பாட்டைப் பற்றி நல்லதும் கெட்டதும் உண்டு. கோஷியன் கறி, திறந்த 1924-லிருந்து விற்கிறார்கள். சோற்றின் மேல் ஊற்றிய கெட்டியான, இனிப்பு கலந்த பழுப்புக் குழம்பு. காரம் தேடும் நாக்குக்கு அது குழந்தைச் சாப்பாடு. சரித்திரத்துக்காக ஒரு முறை சாப்பிடலாம். சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். துண்டு கண்ணில் படாவிட்டாலும் ஜப்பானியக் கறிக் கட்டியில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு இருக்கும். சைவர்களுக்கு வறுத்த உருளைக்கிழங்கு, உப்புப் போட்டு அவித்த பச்சை சோயாக் காய் என்ற அளவில்தான் வழி. வயிற்றை நம்பி வருபவர் உமேதாவிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறலாம். பீர் விஷயம் வேறு. முதுகில் சிறு பீப்பாயைக் கட்டிக்கொண்டு இளம்பெண்கள் செங்குத்துப் படிகளில் ஏறி இறங்குவார்கள். கையை உயர்த்தினால் பக்கத்தில் மண்டியிட்டுக் குழாயைத் திறந்து, நுரை அளவாக நிற்கும்படி ஊற்றித் தருவார்கள். கண்ணாடி பாட்டில், தகரக் கேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள், வாசலிலேயே காகிதக் கோப்பைக்கு மாற்ற வேண்டும்.

மழை வந்தால் சீட்டில் குடை பிடிக்கக் கூடாது. பின்னாலிருப்பவருக்கு மறைக்கும், கம்பி கண்ணில் குத்தும். தலை வழியாகப் போடும் மழைக்கோட்டுதான் வழி, பையையும் மூடும் அளவுக்குப் பெரிதாக எடுத்துப் போங்கள். ஐந்து இன்னிங்ஸ் முடியும் முன் ஆட்டம் கைவிடப்பட்டால் அது நடக்காத ஆட்டம், பணம் திரும்பும். ஐந்துக்குப் பிறகு நின்றால் அதுவே முடிவு, பணம் கிடையாது. பயணச் செலவை யாரும் தரமாட்டார்கள் என்பதால், ஊர் விட்டு ஊர் வருபவர் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை உள்ள மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்று: 12 இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக இருந்தால் ஆட்டம் டிரா. அமெரிக்க பேஸ்பால் பார்த்துப் பழகியவர்கள் இங்கே எல்லோரும் எழுந்து போவதைப் பார்த்து விழிப்பார்கள்.

டிக்கெட் அதிகாரபூர்வத் தளத்தில் சீசன் தொடங்கும் முன்பே விற்பனைக்கு வரும். விலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். சனி, ஞாயிறு, மே முதல் வார விடுமுறை, ஜயன்ட்ஸ் ஆட்டங்கள் முதலில் காலியாகும். தவறவிட்டால் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தை ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் திரும்பத் திரும்பப் பாருங்கள், வர முடியாதவர்களின் சீட் அங்கே வந்து விழும். கூடுதல் விலைக்கு டிக்கெட் விற்கும் தொழிலை 2019 ஜூன் முதல் சட்டமே தடை செய்கிறது. அப்படி வாங்கியதோடு போனால் வாசலில் திருப்பி அனுப்பவும் கூடும்.

வாசலில் வரிசையில் நிற்கும்போது முன்னாலிருப்பவர்களின் முதுகைப் படியுங்கள், அணியின் வரலாறு முழுக்க அங்கே இருக்கிறது. 10, 11, 23 யாருக்கும் கொடுக்கப்படாத எண்கள். 10 புஜிமுரா ஃபுமியோ, துணி காயப்போடும் கொம்பு என்று பெயர் வாங்கிய நீண்ட மட்டையால் அடித்தவர். 11 முராயாமா மினோரு. பேரரசர் நேரில் வந்து பார்த்த 1959 ஜூன் 25 ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் நாகாஷிமா கடைசி இன்னிங்ஸில் ஹோம்ரன் அடித்து முடித்தது இவர் பந்தில்தான். 23 யோஷிதா யோஷியோ, 1985-இல் பயிற்சியாளர். 1968-இல் ஒரே சீசனில் 401 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்த எனட்சு யுட்டகாவின் சாதனையும் இந்த அணியில் எடுத்ததுதான், இன்றும் யாரும் தொடவில்லை. 44, 31, 16 என்று மூன்று சட்டைகள் சேர்ந்து வந்தால் அவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள் என்று கண்ணை மூடிச் சொல்லலாம். 44 பாஸ், 31 ககேஃபு, 16 ஒகாதா. 1985 ஏப்ரல் 17 அன்று ஜயன்ட்ஸுக்கு எதிராக மூவரும் அடுத்தடுத்து நடு எல்லைப் பக்கம் ஹோம்ரன் அடித்தார்கள். அந்த ஆண்டு செய்பு லயன்ஸை 4-2 என வென்று, இரு லீக்குகளின் அணிகள் மோதும் ஜப்பான் சீரிஸில் முதல் கோப்பை.

அதற்கு முன் அந்த ஆண்டு லீகை வென்ற கொண்டாட்டத்தில்தான் ஒசாகாவின் டோடோன்போரி கால்வாயில் ஒவ்வொரு வீரரின் சாயலில் ஒரு ரசிகர் குதித்தார். பாஸ் சாயலில் தாடிக்கார வெள்ளைக்காரர் யாரும் கிடைக்கவில்லை, பக்கத்துக் கடை வாசலில் நின்ற கென்டக்கி சிக்கன் கர்னல் சிலையைத் தூக்கிப் போட்டார்கள். பின்னால் கோப்பை வராததற்கெல்லாம் கர்னலின் சாபம் என்று கதை. 2009-இல் கண்ணாடி இல்லாமல், இடது கை இல்லாமல் சிலை சேற்றிலிருந்து கிடைத்தது. சாபம் இருந்ததோ இல்லையோ, 1987 முதல் 2001 வரையிலான 15 ஆண்டுகளில் 10 முறை கடைசி இடம் வந்தது சேற்றில் கிடந்த சிலையால் அல்ல, அடிக்கத் தெரியாத வரிசையால்.

2003-இலும் 2005-இலும் லீகை வென்றார்கள். 2005 ஜப்பான் சீரிஸில் சிபா லோட்டேயிடம் நாலு ஆட்டமும் தோற்றார்கள், மொத்த ரன் 33-4. இந்த '33-4' கேலி இன்னும் ஓயவில்லை, பக்கத்து சீட்டுக்காரரிடம் இந்த எண்களைச் சொல்லாதிருப்பது உடம்புக்கு நல்லது. 2008-இல் 13 ஆட்ட முன்னிலையை ஜயன்ட்ஸிடம் பறிகொடுத்துவிட்டு, அப்போது பயிற்சியாளராக இருந்த அதே ஒகாதா பதவி விலகினார்.

அண்மைக் காலம்தான் இப்போது டிக்கெட் கிடைக்காததற்குக் காரணம். 2021-இல் 77 வெற்றி, 56 தோல்வி, 10 டிரா. முதலிடம் பெற்ற யகுல்ட்டைவிட வெற்றி அதிகம், ஆனால் விகிதத்தில் பின்தங்கி இரண்டாமிடம். 2022-இல் முதல் 9 ஆட்டமும் தோல்வி. 2023-இல் ஒகாதா திரும்பி வந்தார். 'சாம்பியன்' என்ற சொல்லை வாயால் சொல்லாமல் 'அது' என்றே பேசினார், ஊரே 'அது' என்றது, அந்த ஆண்டின் சிறந்த சொல்லுக்கான பரிசும் அதற்கே. அவர் செய்த உருப்படியான காரியம் வேறு. நாலு தப்புப் பந்தை அடிக்காமல் விட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போவதற்குச் சம்பளக் கணக்கில் மதிப்பெண்ணை உயர்த்தித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார். ஹோம்ரன் விழாத மைதானத்தில் ஆடும் அணிக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை. 85 வெற்றி, ஜப்பான் சீரிஸில் ஒரிக்ஸை 4-3 என வென்று 38 ஆண்டுக்குப் பிறகு கோப்பை.

2024-இல் இரண்டாமிடம். 2025-இல் புதுப் பயிற்சியாளர் புஜிகாவா கியுஜி, 22 என்ற எண்ணோடு இறுதி இன்னிங்ஸ்களை வீசிய அதே புஜிகாவா. செப்டம்பர் 7-இல் லீகை முடித்தார்கள், இரு லீக் முறை வந்தபின் இவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை. 85-54-4, அடுத்த அணியைவிட 13 ஆட்டம் முன்னால். பந்துவீச்சாளர் சைகி ஹிரோட்டோவின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி) 1.55. ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பந்துவீச்சாளர் இஷியி டைச்சி தொடர்ந்து 50 ஆட்டம் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. சட்டைக் கடையில் 8-ஆம் எண் அதிகம் தொங்கினால் வியக்க வேண்டாம். நிஷினோமியாவிலேயே பிறந்த சாட்டோ டெருஅகி, இடதுகைக்காரர், காற்றையும் மீறி 40 ஹோம்ரன். ககேஃபு 1985-இல் எடுத்த பிறகு இந்த அணியில் எந்த ஜப்பானியரும் எட்டாத எண்ணிக்கை.

ஜப்பான் சீரிஸில் ஃபுகுஓகா சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடம் 1-4. கோஷியனில் நடந்த மூன்று ஆட்டமும் ஒரு ரன் தோல்வி: 1-2, 2-3, 2-3. கடைசி ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ்வரை 2-0 முன்னிலை. அதே இஷியியின் பந்தை யானகிதா, இடதுகை பேட்டர், இடது எல்லைக் கம்பத்தின் ஓரமாக அடித்துச் சமமாக்கினார். பாஸ் 1985-இல் பழகிக்கொண்ட அதே திசை.

டிக்கெட் எதுவுமே கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் அணியின் மைதானம் 2025 மார்ச்சில் அமகசாகி நகருக்கு மாறியது, அதே ஹன்ஷின் பாதையில் டைமொட்சு நிலையத்திலிருந்து சில நிமிட நடை. விலை குறைவு, ஆட்டம் பெரும்பாலும் பகலில். அங்கே டிரம்பெட் இல்லை. பந்து கேட்சர் கையுறையில் விழும் சத்தமும், அவர் பிட்சரிடம் கத்துவதும் கேட்கும் தூரத்தில் உட்காரலாம். காயத்திலிருந்து திரும்பும் முதல் அணி வீரர்களும் அங்கேதான் முதலில் இறங்குவார்கள், அன்றைய வரிசையைத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.